வெளிறாத சுவர்

அந்தப் பழைய மாளிகையின் மேல்மாடி அறையில் மதிய வெயில் ஜன்னல் வழியே சாய்வாக விழுகிறது. வெளிநாட்டுக்கு ஓவியம் படிக்க வந்தவள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் காலி அறையில் முன்பு என்னென்ன இருந்தன என்று தடயத்தை வைத்தே வரைய வேண்டும். வகுப்பில் கொடுத்த வேலை அது. நூறு வருட வெயிலில் சுவர்த்தாளின் பச்சை சோகை பிடித்துக் கிடக்க, ஓரிடம் மட்டும் நேற்று ஒட்டியதுபோல் இருக்கிறது. கீழே மரத்தரையில் நான்கு குழிகள். அலமாரிதான். இந்த வீட்டுக்குப் பொய் சொல்லவே வராது போல என்று சிரித்தபடி கோடு இழுக்கிறாள். மடியில் போன் அதிர்கிறது. வீடியோவில் அண்ணன்.

"அப்பாகிட்ட குடுண்ணா. நாலு நாளா ஒரு வார்த்தை பேசல."

"இப்பதான் மாத்திரை போட்டுட்டுத் தூங்குறாரும்மா. நீ படிப்பப் பாரு."

அவளை நம்பவைக்கத்தான் அப்பாவின் அறையிலேயே உட்கார்ந்து பேசுகிறான். தடயம் தேடிப் பழகிப்போன அவள் கண் அவனை விட்டுவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் போகிறது. சுவரில் அப்பா தலை சாய்த்துச் சாய்த்துப் படிந்த எண்ணெய்க் கறை. அதற்குக் கீழே, கட்டிலின் தலைமாட்டுப் பலகை இத்தனை வருடம் மறைத்திருந்த இடம், அழுக்குப்படாமல், நீளமாக, பளிச்சென்று தெரிகிறது.

"எங்கண்ணா தூங்குறாரு?"

அண்ணன் திரும்பி அந்தச் சுவரைப் பார்க்கிறான். போனில் படம் ஆடத் தொடங்குகிறது.