கோடிட்ட இடத்தை நிரப்புக

"உங்க பொண்ணோட கட்டுரையைப் படிக்கிறேன், நல்லாக் காது கொடுத்துக் கேளுங்க," என்றார் இங்கிலீஷ் டீச்சர். "'என் அப்பாவின் பெயர், அப்பாவின் பெயரை இங்கே எழுதவும்.'"

எதிரே லிஃப்ட் கம்பெனிச் சீருடையில் உட்கார்ந்திருந்த அப்பா திருதிருவென விழித்தார். பக்கத்தில் நின்ற ஏழாம் வகுப்பு மகள் தலை நிமிரவில்லை.

"இன்னும் இருக்கு. 'அவர் ஒரு, தொழிலை இங்கே குறிப்பிடவும். அவர் எனக்காகச் செய்த, ஏதேனும் ஒரு தியாகத்தைச் சேர்க்கவும், என்பதை என்னால் மறக்கவே முடியாது!'"

அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமி மறைத்தார்.

"ஏஐ எழுதிக் கொடுத்ததை அப்படியே ஈயடிச்சான் காப்பி! பெத்த அப்பாவைப் பத்தி நாலு வரி எழுத ஒரு மெஷின் வேணுமா சார்?"

டீச்சருக்கு இருபது வருஷ சர்வீஸ். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

"தப்புதாங்க டீச்சர். இங்கேயே உட்கார வச்சுத் திரும்ப எழுதச் சொல்லுங்க. ஒரே ஒரு சான்ஸ்."

"பேச்சுக்கே இடமில்லை. முட்டை மார்க்தான். ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டயும் போகப்போகுது. நேத்து நான் எழுதிக் கவர்ல ஒட்டிக் கொடுத்தனுப்பின லெட்டர்ல கையெழுத்துப் போட்டாச்சா? அதையும் சேர்த்து அனுப்பணும்."

மகள் விசும்ப ஆரம்பித்தாள். சட்டைப்பைக்குப் போன அப்பாவின் கை பாதியில் நின்றது.

"பாப்பா, கத்திக் கத்தி டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு பாரு. ஓடிப்போய்த் தண்ணி பிடிச்சிட்டு வா."

அவள் தலை மறைந்ததும் கடிதத்தை நீட்டினார்.

'மதிப்பிற்குரிய' என்பதற்குப் பக்கத்தில் அச்சாகியிருந்ததை நீலப் பேனாவால் அடித்து, அப்பாவின் பெயர் எழுதியிருந்தது. 'தங்கள் மகள்' பக்கத்தில் இன்னொரு அடித்தல். அங்கே அவள் பெயர்.

"என்ன சார் இது கிறுக்கல்?" டீச்சர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அடித்தலுக்கு அடியில் தெரிந்தது: 'பெற்றோரின் பெயரை இங்கே எழுதவும்.'

"பாப்பா பார்த்துட்டா உங்க மேல இருக்கிற மரியாதை போயிடுமேன்னு நானே நிரப்பிட்டேங்க," என்றார் அப்பா மெதுவாக.

டீச்சருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தவளிடம், "உட்காரும்மா. புதுப் பேப்பர் தரேன். நீயா எழுது, தப்பு வந்தாலும் பரவாயில்லை," என்றார்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. எழுந்தவர் குனிந்து கிசுகிசுத்தார்.

"கடைசி வரியை மட்டும் அடிக்கலைங்க டீச்சர். மரியாதையாக் கேட்டிருக்கு. பதில் சொல்லாம எப்படி?"

டீச்சரின் கண் கடிதத்தின் அடிக்குப் போனது.

'இதை இன்னும் கொஞ்சம் கடுமையாக எழுதித் தரட்டுமா?'

அதன் கீழே நீல மையில்: 'வேண்டாங்க. இதுவே தாங்கலை.'