ரெண்டு மாடி

ஸ்டேஷனை ஒட்டிச் சும்மா கிடந்த மாநகராட்சி நிலத்தில் ஆறு மாடி கட்டி, வசதி இல்லாதவர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடப் போகிறார்களாம். என் பால்கனிக்கு நேர் எதிரே.

"நல்ல விஷயம்தானே? இறங்கினா வீடு, ஏறினா ரயில்" என்றாள் மனைவி.

"நல்ல விஷயம்தான். வேற எங்கேயாவது கட்டட்டும்."

எனக்குத் தாராள மனசு. வீட்டு வாசல் வரைக்கும் வந்தால்தான் கொஞ்சம் சுருங்கும்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். பால்கனி வெயில் போய்விடும் என்பதைப் பற்றி மூச்சே விடவில்லை. காற்றோட்டம், கழிவுநீர், வருங்காலச் சந்ததி என்று வெளுத்து வாங்கினேன். நடுவில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம். மேடையில் இருந்த அதிகாரி எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

மறுவாரம் முடிவு வந்தது. ஆறு இல்லை, நாலு மாடிதான்.

"சார் பேசின பேச்சுல ரெண்டு மாடி சரிஞ்சு விழுந்துடுச்சு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். காது கேட்காதது போல் இன்னொரு தடவை சொல்ல வைத்தேன்.

இந்தப் பெருமையை மகளிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? அவள் நர்ஸ். கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் இருக்கிறாள். இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே நேரம் கிடைக்காது. போன் போட்டேன்.

"என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா. உங்க வீட்டுக்கு எதிர்ல கட்டறாங்களே, அதுக்கு முன்கூட்டியே குலுக்கல் போட்டாங்க. அதுல எங்களுக்கு ஒரு வீடு விழுந்திருந்தது. ஆறாவது மாடி."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையே?"

"எல்லாம் உறுதியானதும் சொல்லலாம்னு இருந்தோம். அம்மாவுக்கு மூட்டு வலி, உங்களுக்கும் பிரஷர். பக்கத்துலயே இருந்து பாத்துக்கலாம்னுதான் மனு போட்டோம். இப்ப மேல ரெண்டு மாடி கிடையாதாம். வீடு போச்சு."

கூட்டத்தையே உருக வைத்த நான் பால்கனிக் கதவை மெல்லச் சாத்தினேன். இருந்தாலும் புத்தி போகுமா?

"ஏன் குறைச்சாங்களாம்?" என்று ஒன்றும் தெரியாதவன் போல் கேட்டேன்.

"யாரோ ஒரு பெரியவர் கூட்டத்துல அழுதுட்டாராம்ப்பா. பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ."