வெளிக் கம்பெனி மாட்யூல்

சேந்தமங்கலத்தில் வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் குணசீலனின் செல்போன் காலையிலிருந்து ஓயவில்லை. எல்லாம் நெட் போன வீட்டுக்காரர்கள். ஒவ்வொரு அழைப்பாகத் துண்டித்துவிட்டு, இன்னொரு போனில் நெட்வொர்க் பெட்டி விற்ற கம்பெனியின் உதவி மையத்தைப் பிடித்தான்.

"வணக்கம் சார், என்ன பிரச்சனை?" என்றது ஒரு பெண் குரல்.

"நேத்து நீங்க அனுப்புன அப்டேட்டுக்கு அப்பறம், ஃபைபர் கேபிளைச் சொருகறதுக்குப் பெட்டியில மாட்டற மாட்யூலை உங்க பெட்டி ஏத்துக்க மாட்டேங்குதுங்க. ஊரே நெட்டில்லாம கெடக்குது."

"மாட்யூல் எங்க கம்பெனியுடையதா சார்?"

"இல்லீங்க, வெளியில வாங்குனது. உங்களுது கேட்டு ரெண்டு மாசமாச்சு, இன்னும் வரல."

"வெளிக் கம்பெனி பாகம் இருந்தா புகாரே பதிய முடியாது சார். அதைக் கழற்றிட்டு எங்களுடையதை மாட்டுங்க."

"அதான் வரலைங்கறேனே! அந்த அப்டேட்டையாவது திரும்ப எடுங்க."

"அதுக்கு மேலதிகாரி அனுமதி வேணும் சார். எந்த ஊர்?"

"சேந்தமங்கலமுங்க."

"சேந்தமங்கலமா?"

"ஆமாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகுது, மேலதிகாரிக்கு ஒரு மெயில் போடுங்க."

"போட முடியாதுங்கண்ணா." அவள் ஊர்ப் பேச்சுக்கு மாறியிருந்தாள். "நானும் சேந்தமங்கலந்தான். ஊட்டுல இருந்துதான் வேலை பாக்கறேன். எங்கூட்டு நெட்டும் உங்க லைன்தானுங்க. கம்பெனிக்கு வர்ற போனு என் செல்லுக்கு வருது, ஆனா சிக்னல் பேசறதுக்கு மட்டுந்தான் எட்டுது. காலையில இருந்து உங்களுக்குத்தான் போன் போடறேன், கட் பண்ணிக் கட் பண்ணி உடறீங்க. நெட்டு எப்பங்கண்ணா வரும்?"