தோடை மரத்து அசுவினி

பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலம். ஹாலிஎலத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் மருந்து கலக்கும் யாகோப்பு, வீட்டுக் கொல்லையில் நின்ற தோடை என்னும் ஆரஞ்சு மரத்தின் சுருண்ட இலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு மனைவியைக் கூவி அழைத்தார்.

"ரெபேக்கா, ஓடி வா! அசுவினிதான், இலைச்சாறு உறிஞ்சுற பூச்சி. பின்னால ரெண்டு குழல் இருக்கு பாரு. குட்டி போடுது!"

"பூச்சி முட்டைதானேங்க போடும்?"

"இது ஆண் துணையே இல்லாம குட்டி போடுது. அந்தக் குட்டி வயித்துலயும் குட்டி இருக்கு!"

ரெபேக்கா அடுப்பை மறந்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அன்று முதல் விடிந்ததும் இருவரும் மரத்தடிக்கு ஓடினார்கள். கூட்டம் பெருகியபோது சிலவற்றுக்குச் சிறகு முளைத்தது. ரெபேக்கா கைதட்டிச் சிரித்தாள்.

விஷயம் தெரிந்த தோட்டத்துத் தொரை, பூச்சி தன் பழமரங்களுக்கும் பரவும் என்று பயந்து, மரத்தை வெட்டி எரிக்கச் சொன்னார். யாகோப்பே வெட்டினார். நெருப்பு அணையும்வரை ரெபேக்கா அழுதாள்.

மறுநாள் காலை அவள் போட்ட சத்தத்தில் யாகோப்பு கொல்லைக்கு ஓடினார். மரம் நின்ற இடத்தில், வெறும் காற்றில், கிளை கிளையாக அசுவினிகள் அப்பிக்கிடந்தன.

"சீக்கிரம் வாங்க, இன்னும் குட்டி போடுது!" என்றாள் ரெபேக்கா, முகமெல்லாம் பூரிப்பாக.

அசுவினிகள் கசியும் தேனைக் குடிக்க வந்த எறும்புகள், தரையிலிருந்து வரிசையாக, இல்லாத அடிமரத்தில் ஏறிக்கொண்டிருந்தன.