கத்திரியிடம் போவது யார்

"அவளுக்கென்ன, முதல் ஆள். விதி, நியாயம்னு வாய் வலிக்காம பேசலாம்" என்றான் செகண்டு.

கணிதப் பொருளாதாரம் மூன்றாம் ஆண்டில் மொத்தமே ஏழு பேர். முதலிடம் எப்போதும் அவளுக்குத்தான். எதைச் சொன்னாலும் நிரூபித்துவிட்டுத்தான் உட்காருவாள் என்பதால் 'தேற்றம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் ஆண்டிலிருந்தே அவளுக்கு ஒரு படி கீழே நின்றுபோனவன் செகண்டு. பெயர் அப்படி வந்ததுதான்.

அன்று ப்ராஜெக்ட்டுக்கு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏழு பேராசிரியர்கள், ஆளுக்கு ஒரு மாணவர். மதிப்பெண் வரிசையில் ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான், பிறகு மாற்ற முடியாது. துறைத் தலைவரின் உத்தரவு.

போன வாரம் இந்தப் பேச்சு வந்தபோது, "மனசுல இருக்கிறதை அப்படியே சொன்னா ஏமாந்துடுவோமோ? ஏதாவது தந்திரம் பண்ணணுமோ?" என்று யாரோ கேட்டார்கள். கேட்டிருக்கக் கூடாது. தேற்றம் சாக்பீஸோடு எழுந்துவிட்டாள்.

போர்டு நிறைய எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். "மிச்சமிருக்கிறதுல நமக்குப் பிடிச்சதைச் சொல்லணும், அவ்வளவுதான். பொய் சொல்றவங்களுக்கு லாபமே கிடையாது."

எல்லோருக்கும் பிடித்தவர் ஏலம் மேடம். ஏலங்களின் கணிதம் அவருடைய ஆராய்ச்சி. யாருக்கும் பிடிக்காதவர் கத்திரி. எழுதிக்கொண்டு போவதில் பாதியை வெட்டிவிடுவார். முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பு இருக்காது. தினமும் மதியம் அவர் அறையிலேயே உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். வராவிட்டால், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார். சொன்னபடியே பார்ப்பார்.

கத்திரியை யாரும் எடுக்கப் போவதில்லை. ஆகவே அவர் கடைசி ஆளுக்குத்தான்.

கடைசி ஆள் மருந்துக்கடை. மதியம் ஆனதும் மருந்துக்கடை வேலைக்கு ஓடுகிறவன். அந்தச் சம்பளத்தில்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது. கத்திரி வாய்த்தால் ஒன்று கடையை விட வேண்டும், இல்லை படிப்பை விட வேண்டும். எதை விடுவான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"பாவம்டா" என்றான் செகண்டு.

"பாவமா இருந்தா உன் முறையில நீ எடுத்துக்கோயேன் கத்திரியை" என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி.

"நான் எதுக்கு?"

மருந்துக்கடை திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "விடுங்கப்பா. கத்திரி வெட்டினா பிளாஸ்திரி எங்க கடையிலேயே இருக்கு."

யாரும் சரியாகச் சிரிக்கவில்லை.

துறைத் தலைவர் வந்து ஏழு பேராசிரியர்களின் பெயரையும் போர்டில் எழுதினார். "முதல்ல யாரு?"

தேற்றம் எழுந்தாள். அவள் யாரைச் சொல்வாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. முதல் ஆண்டிலிருந்து ஏலம் ஏலம் என்று உயிரை விட்டவள். விடியற்காலையில் மீன் ஏலக் கூடத்தில் போய் நின்று, யார் எப்போது விலை ஏற்றுகிறார்கள் என்று கவனித்துவிட்டு, மீன் வாடையோடு வகுப்புக்கு வந்தவள்.

அவள் சொன்னது கத்திரியின் பெயரை.

துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா யோசிச்சுட்டியாம்மா?"

"யோசிச்சுட்டேன் சார்."

செகண்டுக்குக் காதை நம்ப முடியவில்லை. அவள் மனம் மாறிவிடப் போகிறதே என்று, கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து ஏலம் மேடத்தின் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். பிறகுதான் மூச்சு வந்தது.

"மேல்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம்" என்று பக்கத்து பெஞ்சில் கிசுகிசுத்தான். "கத்திரி எழுதினா எந்தப் பல்கலைக்கழகத்துலயும் கதவு திறக்கும். காரியக்காரி."

மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடைசியில் மருந்துக்கடை எழுந்து நின்றான். போர்டில் மிச்சமிருந்தது ஒரே பெயர். அவன் அதைப் படித்துவிட்டு இன்னொரு முறை படித்தான்.

"சார், இவரு... காலையிலதானே வருவாரு?"

"மத்தியானம் அவரைக் கட்டி வச்சாலும் இருக்கமாட்டாரு. ஏன், உனக்கு ஆகாதா?"

"ஆகும் சார்." அவன் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வகுப்பு முடிந்ததும் செகண்டு படிக்கட்டில் தேற்றத்தைப் பிடித்தான். "சிபாரிசுக் கடிதத்துக்குத்தானே?"

"கத்திரியா? அவர் ஜென்மத்துக்கும் யாருக்கும் எழுதினதில்லை."

"அப்ப நிஜமாவே அவர்கிட்ட வேலை செய்ய ஆசையா?"

"யாருக்காவது இருக்குமா?"

அவன் யோசித்தான். முதல் ஆள் கத்திரியை எடுத்ததால் இரண்டாவது ஆளுக்கு ஏலம் மேடம் கிடைத்தார். மூன்றாவது ஆளுக்கு இரண்டாவது ஆளின் இடம். அப்படியே வரிசை முழுக்க ஆளுக்கு ஒரு படி மேலே நகர்ந்திருந்தது. கடைசி வரை.

அந்தக் கடைசி ஆள் அவர்களைத் தாண்டி இரண்டிரண்டு படியாகக் கீழே ஓடினான். கடைக்கு நேரமாகிவிட்டது.

"ஏலக் கூடத்துக்குப் போறப்ப பழைய செருப்பா போட்டுட்டுப் போ" என்றாள் தேற்றம். "தரையெல்லாம் தண்ணி."

செகண்டு அவள் பக்கம் திரும்பினான். "அப்ப எல்லார் முன்னாடியும் நின்னு பொய் சொல்லியிருக்கே. பொய் சொன்னா லாபமில்லைன்னு நிரூபிச்சதே நீதானே?"

"சரியாப் பாரு. பொய் சொல்றவங்களுக்கு லாபமில்லைன்னுதான் நிரூபிச்சேன்" என்றாள் அவள், படியிறங்கி ஓடுகிறவனைப் பார்த்தபடி. "வேற யாருக்கும் இல்லைன்னு நான் சொல்லவே இல்லையே."