ஒலியளவு இரண்டு

மாமனார் படுத்த படுக்கையாக இருந்த வரையில், தான் உருவாக்கிவரும் செயலியின் ஒலியளவை அவள் இரண்டிலேயே வைத்திருந்தாள். கூட்டினால் அடுத்த அறையிலிருந்து சுவரைத் தட்டுவார். அவர் போய்ச் சேர்ந்து ஒரு மாதமாகிவிட்டது.

இன்று பத்தில் வைத்துச் சேமித்தாள். மூடித் திறந்தால் இரண்டு. அமைப்புகளைச் சேமிக்கும் கோப்பையே அழித்தாள். கோப்பு இல்லையென்றால் ஐந்தில் தொடங்கவேண்டும். மறுபடி இரண்டு.

"சாயங்காலம் ஒப்படைக்கணும். உயிரை வாங்குது."

"உன் கோடிங்லதான் எங்கயாவது ஓட்டை இருக்கும்," என்றான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த கணவன்.

சலித்துப்போய், நிரலுக்குள்ளேயே பத்து என்று எழுதி ஓட்டினாள். செயலியின் மணி கணீரென்று ஒலித்தது.

சுவர் தட்டப்பட்டது.

"குறைச்சிடும்மா, அப்பா முழிச்சுக்கிட்டாரு," என்றான் கணவன், தலை நிமிராமல்.

அவளும் குறைத்தாள். அதன் பிறகுதான் இருவர் கைகளும் நின்றன.