சொல்லாமல் போனவர்கள்

"வாரேனுங்கக்கா!"

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்னவென்று லோகப்பிரியாவுக்கு உறைத்தது.

அது துக்க வீடு. பாலுசாமியை அடக்கம் பண்ணி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போக வேண்டும். 'வாரேன்' என்றால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவைக் கூப்பிட்ட மாதிரி. ஊரில் பால் குடிக்கிற பிள்ளையைத் தவிர எல்லாருக்கும் தெரிந்த முறை.

உள்ளே அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட ஒரு நொடி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, எழவு ஊட்டுல பேசற பேச்சுங்களா இது? படிச்சவங்கதானுங்களே நீங்க?" என்றாள் செத்தவரின் அக்கா பூவாத்தாள்.

படித்தவள்தான். அதுவும் தமிழ். சோமனூர்ப் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். புருஷனைப் பறிகொடுத்த ராசாத்தாள் அதே பள்ளியில் ஆயா.

முந்தின நாள்தான் பள்ளி சார்பில் கொடுக்கிற கடிதத்தைத் தலைமையாசிரியை சாயிரா பானு எழுதிக் காட்டினார். 'உங்கள் பரிதாப நிலைக்கு இரக்கப்படுகிறோம்' என்று இருந்தது. லோகப்பிரியா சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டாள்.

"இரக்கம்னா மேல இருக்கறவங்க கீழ பாத்துக் காட்டறதுங்க மேடம். பரிதாபம்னா, பாத்து உச்சுக் கொட்டிட்டு நம்ம சோலியப் பாக்கப் போறது. அனுதாபம்தான் சரி. அவங்களுக்குச் சுடறது நமக்கும் சுடோணும்."

"அடேயப்பா! தராசுல நிறுத்தாப்புலயே சொல்றியே அம்மணி!" என்று சாயிரா பானு அப்படியே மாற்றி எழுதினார். கடிதம் நன்றாகத்தான் வந்தது. நாலு வரி. ஒவ்வொரு சொல்லும் அளந்து வைத்தது.

அப்பேர்ப்பட்ட லோகப்பிரியாதான் வாசலில் வாயை விட்டுவிட்டாள்!

திரும்பி வருகையில் டவுன் பஸ்ஸில், கூட வந்திருந்த சாயிரா பானு மெதுவாகச் சொன்னார். "எங்க மவுத்து ஊட்டுலயே நாங்க பாத்துப் பாத்துத்தான் பேசுவோம். உனக்கெப்படி அந்த வார்த்தை வந்துச்சு?"

"வாய்ப்பழக்கமுங்க மேடம். எந்த ஊட்ட விட்டுக் கெளம்புனாலும் சொல்றதுதானுங்களே."

"செரி, விடு. பதினாறு கழியற வரைக்கும் அந்தப் பக்கம் தலை காட்டாதே. போயி மறுபடியும் எதையாச்சும் சொல்லிவெக்காதே."

விட்டுவிட முடியவில்லை. பள்ளி விட்டுவிடவில்லை என்றும் சொல்லலாம். ஆசிரியர் அறையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. ஐந்தாம் நாள், அதே பள்ளியில் படிக்கிற ராசாத்தாளின் ஒரே மகளுக்கு நல்ல காய்ச்சல் என்று சேதி வந்தபோது எல்லாரும் இவளைத்தான் பார்த்தார்கள்.

லோகப்பிரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? பதினாறு கழிவதற்குள் பாதியாகிவிட்டாள்.

பதினேழாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தாள். ராசாத்தாளின் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். ராசாத்தாளுக்காகப் போகவில்லை, தன் மனசு ஆறத்தான் போகிறாள் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. அதற்கும் தமிழில் பொருத்தமான சொல் உண்டு. நினைத்துப் பார்க்கத்தான் கூசியது.

வீட்டில் கூட்டம் இல்லை. கதவு விரியத் திறந்து கிடந்தது. மகள் தரையில் படுத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் விட்ட முகம். லோகப்பிரியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாலுசாமியின் படத்துக்குக் கீழே பள்ளிக் கடிதம் உறை பிரிக்காமலே இருந்தது.

ராசாத்தாள் அவசரமாக எழுந்து வந்தாள்.

"ஏனுங்க டீச்சர், இத்தனை நாளாக்கிப்போட்டீங்க?"

லோகப்பிரியாவுக்குப் புரியவில்லை. "அக்கா, அன்னைக்கு நான் வாய் தவறி..."

ராசாத்தாள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"பொள்ளாச்சியில இருந்து எங்கண்ணன் தெனமும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணிப் பூத்துக்காரருகிட்டச் சொல்லியுடறாருங்க. ஊட்டக் காலி பண்ணிப்போட்டு அங்கியே வந்துருங்கறாரு. அங்க போனா இவ படிப்பு நின்னுபோயிருமுங்க. என்ற கூடத் தேங்காக் களத்து வேலைக்குத்தான் வரோணும். இங்கியே இருக்கலாம்னா, என்ற வேலை இன்னும் இருக்குதா, வேற ஆளப் போட்டுட்டாங்களான்னு தெரியல. கேக்கலாம்னா ஒருத்தரும் வரக் காணோம். எனக்கும் இந்தப் பதினாறு நாளா வாசப்படி தாண்டக் கூடாதுன்னுட்டாங்க."

லோகப்பிரியா படத்துக்குக் கீழே இருந்த உறையைப் பார்த்தாள். வேலை இருக்கிறது, அழுது முடித்து மெதுவாக வாருங்கள் என்று ஒரு வரி. அந்த நாலு வரியில் அது இல்லை. பள்ளியில் டீச்சர்கள் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. சொற்களை நிறுத்துக் கொடுத்த இவளுக்கும் தோன்றவில்லை.

"வேலை இருக்குதுங்கக்கா. வேற யாரையும் போடலை. திங்கக்கெழமை ரெண்டு பேரும் வந்துருங்க."

ராசாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகளைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள்.

"அக்கா, அன்னைக்கு நான் அப்படிச் சொன்னதுல உங்களுக்குக் கோவமில்லீங்களா?"

"கோவமா? அத வெச்சுத்தானுங்க எங்கண்ணனையே நிறுத்தி வெச்சேன். கொஞ்சம் பொறுண்ணா, டீச்சர் வாரேன்னிருக்காங்கன்னு சொல்லியுட்டேன்." ராசாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாவம் பாவம்னு நூறு பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க டீச்சர். மறுபடியும் வாரேன்னு சொன்னது நீங்க ஒருத்தருதானுங்க."